காய்ச்சற்காரர் உணவு

எம் ஊராகிய செட்டியார்பட்டியில் ஒருவர் ரொட்டிப் பொட்டலம் ஒன்றைக் கையிலேந்தித் தெருவழியே செல்வாராயின், அவர் தம் வீட்டு வாயிலை அடையுமுன் நால்வரேனும் அவரை நிறுத்தி, “வீட்டிலே யாருக்கு மேலுக்குச் சரியில்லை?” என்று வினவுவர். பொட்டலத்தோடு ஆரஞ்சுப் பழமும் காணப்படின், எந்த ஆஸ்பத்திரி என்பதிலிருந்தே வினாத் தொடங்கும். ரொட்டி என்பது எம் பக்கத்தில் காய்ச்சற்காரர் உணவு. சோறு செல்லாத நாவுக்கும் பத்தியம் விதிக்கப்பட்ட வயிற்றுக்கும் உரியது அது. ஓரத்தைக் கிள்ளி எறிந்து, நடுப்பகுதியைப் பாலில் தோய்த்து, கரண்டியால் ஊட்டுவர். உடல்நலம் உடையார் ஒருவர் விரும்பி ரொட்டி உண்பதென்பது எம்மவர்க்கு, நோயில்லாதார் விரும்பிக் கஷாயம் குடிப்பது போன்றதாம்.

இதற்குக் காரணம் தின்பண்டத்தில் எம் நாடு வறியதென்பதன்று. இராசபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை அடுத்து, மேற்கே மலைத்தொடரை நோக்கியபடி கிடக்கும் எம் ஊரிலிருந்து எத்திசையிற் புறப்படினும் சில மணி நேரத்துக்குள் பெயர்பெற்ற பண்டம் ஒன்றைச் சென்றடையலாம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா. அது 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கிழக்கே சாத்தூரின் சேவு. தென்கிழக்கே கோவிற்பட்டியின் கடலைமிட்டாய். அதற்கு அவ்வுரிமை 2020-இற் கிட்டியது. தெற்கே திருநெல்வேலியின் அல்வாவைப்பற்றி இவ்விதழில் விரித்தெழுதுவது, கடற்கரையில் நின்று கடலை அறிமுகஞ் செய்வதை ஒக்கும்.

ஆயின் இவை யாவும் திறந்த பாத்திரத்தில், கண்ணெதிரே, கை ஓயாமல் ஆக்கப்படுவன. பாலை அடிப்பிடியாமல் துழாவுதல், பாகின் பதத்தை விரலிடையே நூலாக இழுத்துப் பார்த்தல், எண்ணெயில் மிதப்பதை ஜல்லிக் கரண்டியால் அரித்தெடுத்தல் ஆகிய இவையே எம்மவர் அறிந்த கைத்திறம். பிசைந்த மாவை இருண்ட அறையொன்றினுள் தள்ளிக் கதவை மூடிவிட்டு, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்று வெளியே நிற்கும் தொழில் எம் நாட்டுக்குப் புதிது. அப்புதுமையே எம்மை முதலில் ஈர்த்தது போலும்.

நமது கல்லூரி விடுதியின் பின்புறத்தில், வேப்பமரத்தடியில், சிமெண்டுத் திண்ணை ஒன்று உளது. சனிக்கிழமை மாலைதோறும் எண்மர் அங்கே கூடுவர். கணிதம் பயில்வோர் இருவர், இரசாயனம் பயில்வோர் ஒருவர், ஏனையோர் பொருளாதாரமும் வரலாறும் பயில்வோர். அக்கூட்டத்துக்குப் பெயரில்லை, தலைவரில்லை, ஆண்டறிக்கையுமில்லை. நமது கல்லூரியில் இம்மூன்றும் இல்லாத சங்கம் அஃதொன்றேயாதலின் அதன்மீது எமக்கு மதிப்பு உண்டாயிற்று. அவர்களுடைய வேலையெல்லாம் இதுதான்: ஒவ்வொரு வாரமும் ஒருவர், மூடிய அடுப்பில் வெந்த பண்டம் ஒன்றைக் கொணர்தல் வேண்டும், அதனை அனைவர்க்கும் பகிர்தல் வேண்டும், அஃது எவ்வாறு செய்யப்படுகின்றது, அதன்கண் குறை யாது என்பவற்றை ஆராய்ந்து கூறுதல் வேண்டும். “நன்றாயிருக்கிறது” என்னும் சொல்லுக்கு அங்கே தடையுண்டு. ஏன் நன்றாயிருக்கிறது என்று சொல்ல அறியாதவர் வாய்மூடி மென்றுகொண்டிருக்கலாம்.

அக்கூட்டத்திற் சேர விரும்புவோர் தம் ஊர்ப் பண்டம் ஒன்றைக் கொண்டுவந்து பேசுதல் முறை. யாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அரைக் கிலோ கொண்டுசென்றோம். அது மூடிய அடுப்பில் வெந்ததன்றாதலின் ஏற்கத்தக்கதன்று என்று தீர்ப்பாயிற்று. பெட்டி காலியான பின்னரே அத்தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். வேறொன்றும் இல்லையோ என்று வினவியபோது, எம் அத்தையின் மணலடுப்பைப்பற்றி எடுத்துரைத்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அத்தை பெரிய இரும்புச் சட்டியொன்றில் சலித்து உலர்த்திய ஆற்றுமணலை மூன்று விரற்கிடை உயரத்துக்குப் பரப்புவார். அச்சட்டியை விறகடுப்பின்மேல் வைத்து, மணல் நன்கு சூடேறியபின், அதன் நடுவே இரும்பு வளையம் ஒன்றை இட்டு, மாவு ஊற்றிய தகரப் பாத்திரத்தை அதன்மேல் அமர்த்துவார். சட்டியைத் தட்டால் மூடி, தட்டின்மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனலைப் பரப்புவார். கீழேயும் மேலேயும் நெருப்பு, நடுவே கேக். கனல் மிகின் தலை கருகும். குறையின் நடு குழியும். வெப்பமானி இல்லை, கடிகாரமும் பாரார். மணம் வந்து ஒரு ஜெபமாலைப் பாட்டுப் பாடி முடிக்கும் நேரம் கழிந்தால் எடுக்கலாம் என்பது அவருக்குக் கற்பித்தவர் வைத்த கணக்கு. கற்பித்தவர் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க மூதாட்டி. எம் அத்தையோ அப்பாட்டை அறியாதவர். ஆதலின் ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து அதற்கேற்ற நீளமுடையதொன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறார். இதைக் கேட்டதும் கணித மாணவர் ஒருவர் அப்பாட்டை எத்தாளத்திற் பாடுவார் என்று குறிப்பெடுக்கத் தொடங்கினார். யாம் சேர்த்துக்கொள்ளப்பட்டோம்.

அத்திண்ணையில் யாம் கற்றவற்றுள் முதலிடம் தூத்துக்குடி மக்ரூனுக்கு உரியது. அதனைக் கொணர்ந்த நண்பர் அவ்வூரினர். முந்திரிப்பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெண்கரு. இம்மூன்றேயன்றி நான்காவது பொருள் அதில் இல்லை. வெண்கருவைச் சிறிது சிறிதாகச் சர்க்கரை சேர்த்து அடிக்க அடிக்க அது நுரைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத உறுதியை அடையும். அதிற் பருப்புப் பொடியை நுரை அமுங்காமற் கலந்து, தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதன்வழியே தட்டில் சிறு சிறு கோபுரங்களாகப் பிழிவர். பின்னர் மிக மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பர். அது வேகிறது என்பதைக் காட்டிலும் உலர்கிறது என்பதே பொருந்தும். நல்ல மக்ரூன் பல்லிற் பட்டவுடன் நொறுங்கி, நாவிற் பட்டவுடன் கரைந்து, நடுவே மட்டும் சிறிது ஒட்டும். ஈரக்காற்று அதற்குப் பகை. கடற்கரை ஊரில் ஈரத்துக்கு அஞ்சும் பண்டம் பிறந்ததென்னே!

ஐரோப்பாவில் இதனை வாதுமைப் பருப்பாற் செய்வர். தூத்துக்குடியிலோ முந்திரி அதன் இடத்தைக் கொண்டது. அம்முந்திரியும் நம் நாட்டதன்று. பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொணர்ந்தது. தூத்துக்குடி 1658-இல் டச்சுக்காரர் கைப்படும்வரை போர்ச்சுக்கீசியர் வசமிருந்தமையின், மக்ரூனும் அவர் வழியே வந்ததென்று அவ்வூரார் பலர் கூறுவர். யார் வழியே வந்ததாயினும் ஆகுக. இற்றைநாளில் தூத்துக்குடிக்குச் சென்று வருவோர் அதனை வாங்காமல் திரும்பின் வீட்டில் வரவேற்பு இராது.

இன்னொரு நண்பர் கோத்தகிரியினர். அவர் உதகை வர்க்கியைக் கொணர்வார். அஃது 2023-இற் புவிசார் குறியீடு பெற்றது. மாவைக் கொழுப்புத் தடவி மடித்து மடித்துச் சுடுவதால் ஏடு ஏடாகப் பிரியும் அப்பண்டத்தைத் தேநீரிற் சரியாக எத்தனை நொடி தோய்ப்பது என்பது பற்றி எம் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் உள. அந்நண்பருடைய பாட்டனார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற் பிறந்து, 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையின் பின் நீலகிரிக்கு வந்தவர். அவர் வீட்டில் ரொட்டிக்குப் பெயர் பாண். அது வேகும் அடுப்புப் போறணை. இரண்டும் போர்ச்சுக்கீசியச் சொற்களின் வழிவந்தவை. பாணும் சம்பலும் அவர்க்கு நாட்காலை உணவு. காய்ச்சலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. செட்டியார்பட்டியின் வழக்கத்தை யாம் எடுத்துரைத்தபோது அவர் நெடுநேரம் நகைத்தார். இலங்கைத் தமிழர் அக்கடையை வெதுப்பகம் என்பர். நம் நாட்டிற் பெயர்ப்பலகைகள் அடுமனை என்கின்றன. அடுதல் என்பதற்குச் சமைத்தல் என்னும் பொருளோடு கொல்லுதல் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டாதலின், வெதுப்பகமே சாந்தமான பெயர் என்பது எம் கருத்து. பொதுமக்களோ இருதிறத்தாரையும் பொருட்படுத்தாது ‘பேக்கரி’ என்று சொல்லிக் கடந்து போகின்றனர்.

இரசாயன நண்பர் ஒருநாள் இட்டிலி ஏன் சிவப்பதில்லை என்று வினவினார். எம்மில் எவரும் அதுகாறும் அதனை எண்ணியதில்லை. இட்டிலி மாவும் ரொட்டி மாவைப் போலவே இரவெல்லாம் புளித்துப் பொங்குவதுதானே? ஆனால் இட்டிலி ஆவியில் வேகின்றது. ஆவியின் சூடு நூறு பாகையைத் தாண்டுவதில்லை. மாவின் சர்க்கரையும் புரதமும் கூடிச் சிவந்து மணம் தருவதற்கு ஏறத்தாழ நூற்று நாற்பது பாகை வேண்டும். பிரெஞ்சு அறிஞர் மையார் என்பார் 1912-இல் அவ்வினையை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. ரொட்டியின் உட்பகுதி இருநூறு பாகை அடுப்பினுள் இருந்தும் நூறு பாகைக்கு மேல் ஏறுவதில்லை, அதன் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருத்தலின். ஓரமோ உலர்ந்து, சூடேறி, சிவக்கின்றது. ஆகவே ரொட்டி என்பது உள்ளே இட்டிலி, வெளியே வறுவல் என்றார் அவர். மணமும் சுவையும் நின்ற அவ்வோரத்தையன்றோ எம் ஊரில் கிள்ளி எறிகின்றனர்!

இவ்வாறு இனிதே நடந்துவந்த நாளில், எம் தமிழ் வகுப்புத் தோழர் ஒருவர் எம்மைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவர் பகைவரல்லர், யாப்பில் எமக்கு எழும் ஐயங்களையெல்லாம் அவரிடமே கேட்டுத் தெளிவோம். “தமிழ் பயில்கின்ற நீர் பறங்கியர் ரொட்டிக்குப் புகழ்மாலை சூட்டித் திரிகின்றீராமே. உண்பதும் இரவல், வணங்குவதும் இரவல் என்றால், நும்முடையது என்று எதனைக் காட்டுவீர்?” என்றார். நகைத்துக்கொண்டேதான் கூறினார். யாமும் நகைத்தோம். ஆயினும் அவர் வினாவின் முற்பகுதி அன்றிரவே மறந்துபோக, பிற்பகுதி ஒரு வாரம் எம்மோடிருந்தது. கிறிஸ்தவராய்ப் பிறந்து தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டவர் எவரும் இவ்வினாவை ஏதேனும் ஓர் உருவிற் கேட்டே இருப்பர். மாமனாரின் ஊரிற் கேட்பர், இரயிலிற் கேட்பர், சிலபோது தம் உள்ளத்துள்ளேயே கேட்பர்.

விடை தேடி நூலகம் புகுந்தோம். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், இரவு முதிர்ந்து மதுரை மாநகரம் அடங்கும் வேளையில், கூவியர் என்பார் தம் பண்டங்களோடு இருந்தபடியே உறங்குவது கூறப்பட்டிருக்கிறது. கூவியராவார் அப்ப வாணிகர். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நடக்கும் புகாரின் மருவூர்ப்பாக்கத்திலும் அவர் உளர். பெரும்பாணாற்றுப்படையிலும் உளர். கண்டவுடன் எமக்குத் தோன்றிய எண்ணம் யாதெனின், இதோ ஈராயிரம் ஆண்டின் முன்னரே தமிழகத்தில் அடுமனை இருந்தது என்று தோழர்முன் போய் நிற்பது. ஆனால் பெரும்பாணாற்றுப்படை, அவர்தம் பண்டம் கரிய அகலில் இட்டுப் பாகொடு ஆக்கப்பட்டதெனத் தெளிவாகக் காட்டுகின்றது. அது திறந்த சட்டி, மூடிய அடுப்பன்று. கோதுமையும் அன்று. இல்லாததை உண்டென்று நாட்டி அதன்மேற் பெருமை கொள்வது மொழிக்குச் செய்யும் தொண்டாகாது. ஆகவே அச்சான்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளிவந்தோம். கூவியரின் பெயர்மட்டும் எம்மோடு வந்தது.

பின் அத்தோழர்க்கு யாம் சொன்னது இதுதான். சாத்தூர்ச் சேவு உறைப்பது மிளகாயினால். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கோவிற்பட்டி மிட்டாயின் நிலக்கடலையும் அவ்வாறே வந்தது. நீர் சாய்ந்திருக்கும் சன்னலும், நூல் வைத்த அலமாரியும், அதன் சாவியும் போர்ச்சுக்கீசியச் சொற்கள். இவற்றை இரவல் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. ஐயங்கார் பேக்கரி என்னும் பலகையைக் காணாத நகரம் தென்னாட்டில் ஏது? கர்நாடகத்து ஹாசன் பகுதி ஐயங்கார் குடும்பத்தினர் பெங்களூரிற் கடை வைத்து, முட்டை சேராத கேக்கையும் காரம் சேர்ந்த ரொட்டியையும் ஆக்கிப் பரப்பினர். தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பார் 1880-இல் பிஸ்கோத்துத் தொழிலகம் தொடங்கினார். 1883-இல் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரவுன் என்னும் ஆங்கிலேயர் சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி, இதுபோற் செய்ய இயலுமா என்று வினவினாராம். பாபு உள்ளூர்க் கொல்லரைக் கொண்டு அச்சுச் செய்வித்து, பிரெஞ்சு மதுவுக்கு மாறாக முந்திரிப்பழமும் வாழைப்பழமும் புளித்த நாட்டுச் சாராயத்தைச் சேர்த்துச் சுட்டு, கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தார். பிரவுன் உண்டு பார்த்து இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்பது அக்குடும்பத்தார் சொல்லும் வரலாறு. அது சீமைக் கேக்கா, மலையாளக் கேக்கா என்று பிரவுனும் கேட்கவில்லை, பாபுவும் கேட்கவில்லை.

தோழர் பொறுமையுடன் கேட்டிருந்து, “ரொட்டிக்கு விடை கூறினீர்; மற்றதற்கு?” என்றார்.

மற்றதற்கு அன்று யாம் விடை கூறவில்லை. கூறத்தக்கதாக எம்மிடம் இருந்தது வாதமன்று; எம் ஊர்ப்புறத்துச் சிறு சபையில் யாம் கண்டது ஒன்று. தமிழ் வேதாகமம் ரொட்டி என்னாது அப்பம் என்றே வழங்கும். பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயர்க்கு அப்ப வீடு என்பது பொருள் என்று ஞாயிறு பள்ளியிற் கற்றபோது, எம் பாட்டி சுடும் வெள்ளை ஆப்பத்தையே எண்ணிக்கொண்டோம். (அடுமனை என்று அதனைப் பெயர்த்தாலும் பொருந்தும்; எம் ஆசிரியர் இதனை ஏற்பாரோ அறியோம்.) நகரத்துப் பெரிய ஆலயங்களில் திருவிருந்துக்கு மெல்லிய வெள்ளை வட்டங்கள் பெட்டியில் வரும். எம் சபைக்கோ உபதேசியார் முதல்நாள் மாலை இராசபாளையத்துக்குப் பேருந்தில் சென்று கடை ரொட்டி ஒன்று வாங்கி வருவார். அதனைத் துணிப்பைக்குள் அடியில் வைத்து, மேலே வெற்றிலைக் கட்டொன்றை வைத்து மறைத்துக் கொணர்வார். பக்தியினாலன்று, வழிநெடுகிலும் யாருக்குக் காய்ச்சல் என்ற வினாவுக்கு விடை சொல்லி மாளாது என்பதனால். மறுநாள் அதே ரொட்டி வெண்துகிலின்மேல் இருக்கும். கைத்தறியில் நெய்பவரும், தையற்பொறியில் இரவாடை தைப்பவரும், கரும்புக் கொல்லைக்குப் போகிறவரும் முழங்காலிட்டு ஆளுக்கொரு துணுக்குப் பெறுவர். காய்ச்சற்காரர் உணவு அது என்று அவ்வேளையில் எவர்க்கும் தோன்றியதில்லை. அல்லது தோன்றியும் அதிற் பிழையொன்றும் காணாரோ, யாம் அறியோம். இரவல் என்று மட்டும் அதனை நினைத்தவரை யாம் கண்டதில்லை.

சென்ற தை மாதத்தில் எம் திண்ணைக் கூட்டம் இரவு நேரத்தில் ஒரு பேக்கரிக்குச் சென்றது. விறகால் எரியும் பழைய அடுப்பு அங்கே இன்னும் உண்டென்று கேள்வியுற்று, உரிமையாளரின் இசைவு பெற்றுச் சென்றோம். தமிழ்த் தோழரையும் அழைத்தோம், அவரும் வந்தார்.

அடுப்பு என்று சொன்னால் போதாது. அது செங்கல்லாற் கட்டிய சிறு மண்டபம். உள்ளே ஆள் படுக்கலாம். வாயோ முழ அகலந்தான். மாலை ஏழு மணிக்கே அதனுள் விறகு அடுக்கி எரித்திருந்தனர். விறகு சீமைக்கருவேலம், அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரமே என்று வரலாற்று நண்பர் தோழரின் காதில் ஓதினார். யாம் சென்றபோது நெருப்புத் தணிந்து, கல் சிவந்து வெளுத்திருந்தது. கனலை ஒருபுறம் வாரி ஒதுக்கி, நீண்ட கழியில் கட்டிய ஈரச் சாக்கினால் தளத்தைத் துடைத்தனர். ஆவி சீறி எழுந்தது. பின்னர் மூத்த தொழிலாளி ஒரு பிடி மாவை உள்ளே எறிந்தார். மாவு உடனே கருகிற்று. “இன்னும் பொறுக்கணும்” என்றார். கால் மணி கழித்து மீண்டும் எறிந்தார். மாவு மெல்லச் சிவந்தது. “இப்ப விடு” என்றார். நீண்ட மரத்துடுப்பின் நுனியில் தகரப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உட்சென்றன. இரும்புக் கதவு மூடிற்று.

அடுப்பை ஒருமுறைதான் எரிக்கின்றனர். அவ்வொரு சூட்டைக்கொண்டே விடியும்வரை வேலை நடக்கின்றது. முதற் சூட்டில் ரொட்டி. அது சற்றே தணிந்தபின் பன். பின்னர் பிஸ்கோத்து. கடைசியில், கையை நீட்டினாற் பொறுக்கலாகும் இளஞ்சூட்டில், முதல்நாள் ரொட்டியை வில்லைகளாக அரிந்து அடுக்கி உலர்த்தி ரஸ்க் ஆக்குகின்றனர். அடுப்பு ஆறுவதே அங்கே ஒரு கால அட்டவணை. இதனைக் கண்டபோது, சூட்டில் ஒரு துளியும் வீணாகாமல் இத்தொழிலை வகுத்தவர் யாரோ, அவர்க்குக் கல்லூரி ஏதும் பட்டம் அளித்திராதே என்று எண்ணினோம்.

மூத்த தொழிலாளி கையைத் துடைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“செட்டியார்பட்டி, அண்ணாச்சி.”

“அட, நம்ம பக்கந்தான். நான் வத்திராயிருப்பு. முப்பது வருஷமா இதைத்தான் சுடுறேன். வீட்டுக்குக் கொண்டுபோனா பிள்ளைக திங்கும். எங்க ஆத்தா மட்டும் தொடமாட்டா. எனக்கென்ன காய்ச்சலா அடிக்குன்னு கேப்பா.”

எம் கூட்டத்தார் நகைத்த நகைப்பில் மாவு மூட்டையின்மேற் கிடந்த பூனை எழுந்து ஓடிற்று.

அவரே இன்னொன்றும் கூறினார். அடுத்த ஆண்டு அவ்வடுப்பை இடித்துவிட்டு, தட்டுகள் தாமே சுழலும் டீசல் அடுப்பொன்றை முதலாளி நிறுவப்போகிறாராம். இப்போது அறுவர் செய்யும் வேலைக்கு அப்போது இருவர் போதும். “நம்மளை வச்சுக்கிருவாருன்னுதான் நினைக்கேன். மத்தவங்க பாடு தெரியலை” என்றார். பேசும்போது இடையிடையே இருமினார்; முப்பது ஆண்டுப் புகை அவ்விருமலில் இருந்தது. விறகடுப்பு ரொட்டியின் ஓரத்துக்கு நிகரில்லை என்று எம் கூட்டத்தில் யாம் பலமுறை வாதித்ததுண்டு. அவ்விருமலைக் கேட்டபின் அவ்வாதத்தைச் சற்றுத் தாழ்ந்த குரலில் வாதித்தல் தகும் என்றே கருதுகின்றோம். அந்நால்வர் எங்கே செல்வர் என்பதற்கும் எம் வாதத்தில் இடமில்லை.

இரண்டு மணியாயிற்று. அடுத்த அடுக்கு வேகும்வரை செய்வதொன்றும் இல்லை. தொழிலாளர் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலின்மேற் கையை வைத்து, இருந்தபடியே கண்ணயர்ந்தனர். பக்கத்தில் விற்பனைக்குரிய பன்கள் தட்டுத்தட்டாக ஆறிக்கொண்டிருந்தன. தோழர் அவர்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எம் பக்கம் திரும்பாமலே, “கூவியர்” என்றார்.

யாம் யாதும் கூறவில்லை. மதுரைக்காஞ்சியை அவரும் படித்தவரன்றோ!

திரும்புங்கால் சூடு தணியாத பன்களைத் தாளிற் சுற்றி ஆளுக்கொன்று கொடுத்தனர். தோழர் வழியிலேயே தம் பங்கை உண்டு முடித்து, எம் பங்கிற் பாதியையும் கேட்டு வாங்கினார். தாம் முன்பு சொன்னதிலிருந்து அவர் ஓர் எழுத்தும் பின்வாங்கினாரல்லர். பன்னின் ஓரம் மிக நன்றாயிருக்கிறது என்று மட்டும் கூறினார். ஏன் நன்றாயிருக்கிறது என்று கூறுதல் எம் கூட்டத்து முறை என்றோம். விடுதி வாயில்வரை எண்ணிக்கொண்டே வந்து, “சிவந்திருப்பதனால்” என்றார். இரசாயன நண்பர் அதனை ஏற்றுக்கொண்டார்.

இப்பொழுது திண்ணையில் ஒன்பதின்மருக்கு மேல் உளோம். ஆனி மாதத்தில் தூத்துக்குடி நண்பர் வெண்கருவை எம் கண்முன்னே அடித்துக் காட்டுவதாக வாக்களித்திருக்கிறார். விடுதிச் சமையற்கூடத்தார் பாத்திரம் தர இசைந்துளர். மணலடுப்பில் ரொட்டி வேகுமா என்பதையும் வரும் விடுமுறையில் அத்தையோடு பார்க்கவிருக்கிறோம். அதற்கு எந்தப் பாட்டு ஏற்ற நீளமுடையது என்று அவர் இப்போதே தேடிக்கொண்டிருக்கிறார். படிக்கும் அன்பர்களில் விருப்பமுடையோர் சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பின் வரலாம். மூடிய அடுப்பில் வெந்தது ஏதேனும் கையில் இருத்தல் வேண்டும். பால்கோவா பற்றிய விதி இன்னும் தளர்த்தப்படவில்லை; ஆயினும் பெட்டியை எவர்க்கும் திருப்பிக் கொடுத்ததும் இல்லை.